தாமதத்தை வென்ற பியானோ

ஃப்ளாரென்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தாரின் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி, 1700-ஆம் ஆண்டை ஒட்டி, தந்தியைச் சுண்டி ஒலியெழுப்பும் ஹார்ப்சிகார்டின் முறையை விடுத்து, விரல் மெல்லத் தொட்டால் மெல்லிய நாதமும் ஓங்கி அழுத்தினால் ஓங்கிய நாதமும் பிறக்குமாறு சுத்தியல் பொறியொன்றைச் சமைத்தபோது, பியானோ உருவாயிற்று. அவர் செய்தவற்றுள் மூன்று இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் 1720-ஆம் ஆண்டினது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. விரலுக்கும் தந்திக்கும் நடுவே மரமும் தோலுமன்றி வேறெதன் அனுமதியும் அதில் தேவைப்படவில்லை என்பதே என் மனத்தில் முதன்மையாக நிற்கும் விஷயம்.

பியானோவாக ஒலிக்க முயலும் கணினியோ பலருக்கு ஊழியம் செய்யும் யந்திரம். 1983-இல் மிடி என்னும் பொது ஏற்பாடு வந்து, எந்தக் கட்டை எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற செய்தியை ஒரு வாத்தியம் மற்றொன்றுக்கு அனுப்ப வழி பிறந்தது; ஆனால் அச்செய்தியை உடனே நாதமாக்குவது கணினிக்கு எளிதாயில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயங்குதளமும், வட்டில் எழுதுவதற்கும் வலையில் பேசுவதற்கும் இசைக்கும் காலத்தைப் பங்கிட்டுத் தருவதாகவே இருந்தது. நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகளை விழுங்கும் ஒலியட்டை, 64 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக அவற்றைக் கேட்குமானால், ஒவ்வொரு கட்டும் ஏறத்தாழ 1.3 மில்லிநொடிக்குள் ஆயத்தமாக வேண்டும். ஒன்று தவறினாலும் ராகத்தின் நடுவே ‘படக்’கென்று ஓர் அபஸ்வரம் எழும். இத்துறையினர் இதனை எக்ஸ்ரன் என்பர்.

இக்குறையைப் போக்க பால் டேவிஸ் ஜாக் என்னும் ஒலிச் சேவையகத்தை உருவாக்கினார். இங்கோ மோல்நார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர், அவசரக் காரியம் வந்தால் லினக்ஸின் மையமான கர்னலே தன் வேலையை இடையில் நிறுத்தி வழிவிடும்படி திருத்தங்கள் செய்தனர். சுமார் 20 ஆண்டுகள் தனித் திருத்தமாகவே நடமாடிய அப்பணி, 2024-இல் 6.12-ஆம் பதிப்பில் பிரதான லினக்ஸோடு சேர்ந்தது. இசைவாணர் பலர் பெயரறியாத இந்த உழைப்பை மகத்தான வாத்தியப் பணியென்றே நான் மதிக்கிறேன். இடையே 2006-இல், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலும் கணிதமும் ஒருங்கே கற்ற ஃபிலிப் கியோம், துலூஸ் நகரிலிருந்து பியானோடெக் என்னும் நிரலை வெளியிட்டார். பதிவுசெய்த ஒலிகளைச் சேமித்துவைக்காமல், சுத்தியலும் தந்தியும் அதிரும் விதத்தைக் கணக்கிட்டே அது நாதத்தைப் பிறப்பிக்கிறது.

இன்று இவ்வாறு கணினியைப் பியானோவாக்குபவர்கள் செய்வது பெரும்பாலும் துறத்தலே: திரையை அகற்றி, வயர்லெஸ் இணைப்பை நிறுத்தி, மின்சாரம் சேமிக்கவென்று பிராசஸர் வேகம் தணியும் வழக்கத்தையும் தடுத்து, பொத்தானை அழுத்தியவுடன் பியானோ நிரல் தானே எழும்படி, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் சிறு கோப்பொன்றை எழுதிவைக்கிறார்கள். வீட்டில் பழைய கணினி சும்மா கிடக்குமானால் வாசகர்களும் இதனை முயன்று பார்க்கலாம். ஆனால் பிறகு அதில் வேறெந்த வேலையையும் ஏற்றாதிருங்கள்.