சாட்சிக் கூண்டில் நாத்திகர்: சத்தியப் பிரமாணமும் தனிமனித அறமும்

இறைநம்பிக்கை இல்லாதவரின் வாக்கை நம்பலாமா? தத்துவ நூல்கள் இக்கேள்வியை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் விவாதித்துக்கொண்டிருக்கலாம். நீதிமன்றத்துக்கு அந்த வசதி இல்லை. கூண்டில் ஏறியவரின் சாட்சியத்தை ஏற்பதா மறுப்பதா என்று அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே, மதமின்றி ஒழுக்கம் இல்லை என்ற கருத்து தளர்ந்த வரலாற்றைப் பிரமாணச் சட்டங்களின் வழியே தேடுவது பயன் தரும்.

பழைய ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை அச்சம். பொய்க்குத் தெய்வ தண்டனை உண்டு என்று நம்புகிறவரே உண்மை பேசுவார் என்று அது கருதியது. சமயப் பொறைக்காக வாதாடிய ஜான் லாக்கும் 1689-இல் வெளிவந்த தம் கடிதத்தில் நாத்திகரை விலக்கினார். வாக்குறுதியும் ஒப்பந்தமும் ஆணையும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பியேர் பேல் என்ற பிரெஞ்சு அறிஞர், நாத்திகர் மட்டுமே வாழும் சமுதாயமும் ஒழுங்காக நடக்கக்கூடும் என்று எழுதியிருந்தார். மனிதரை நடத்துவது அவர்கள் ஏற்ற கொள்கையைவிட இயல்பும் பழக்கமும் பழிக்கு அஞ்சுவதுமே என்பது அவர் வாதம். சட்டம் லாக்கின் பக்கமே நின்றது.

இந்த விதியை முதலில் அசைத்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஆழ்ந்த பக்தியுடைய க்வேக்கர் கிறிஸ்தவர்கள். ஆணையிடவே வேண்டாம் என்ற இயேசுவின் போதனையை அப்படியே பின்பற்றியவர்கள் அவர்கள். ஆணையிட்டால் ஓர் உண்மை, இடாவிட்டால் வேறோர் உண்மை என்று இருக்க முடியாது என்றார்கள். பலர் இதற்காகச் சிறை சென்றனர். 1696-இல் சிவில் வழக்குகளில் அவர்களின் உறுதிமொழி ஏற்கப்பட்டது.

அடுத்த அசைவு இந்தியாவிலிருந்து வந்தது. ஓமிசந்த் எதிர் பார்க்கர் வழக்குக்காகக் கல்கத்தாவில் இந்துக்களிடம் சாட்சியம் பதிவானது. அவர்கள் பிராமணர் ஒருவரின் பாதத்தைத் தொட்டுப் பிரமாணம் செய்திருந்தனர். 1744-இல் இங்கிலாந்தின் நீதிபதி ஹார்ட்விக் பிரபு அது செல்லும் என்றார். வணிகம் கடல் கடந்துவிட்ட காலத்தில் பைபிளைத் தொட்டவரே சாட்சி என்று பிடிவாதம் பிடித்தால் வழக்கே நடத்த முடியாது. தண்டிக்கும் கடவுள் எவராக இருந்தாலும் சரி. கடவுளே இல்லை என்பவருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. இந்தியாவில் 1840-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம், கங்கை நீரையும் குர்ஆனையும் கொண்டு செய்யும் ஆணைகளை நீக்கி, இறைவன் முன்னிலையில் கூறும் உறுதிமொழியை வைத்தது. மத உணர்வுள்ள பலர் அத்தகைய ஆணைக்குக் கூசி நீதிமன்றத்துக்கே வராமல் இருந்ததுதான் காரணம்.

நாத்திகரை விலக்கும் ஆங்கில ஏற்பாட்டின் ஓட்டையை மிகத் தெளிவாகக் காட்டியவர் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். பொய் சொல்லத் தயங்காத நாத்திகர் தம் கருத்தை மறைத்து ஆணையிட்டுவிட்டுச் சாட்சி சொல்லிவிடுவார். பழிக்கு அஞ்சாமல் உண்மையை ஒப்புக்கொள்பவரே விரட்டப்படுவார் என்று 1859-இல் எழுதினார். இங்கிலாந்தில் 1869, 1870 சட்டங்கள் சாட்சியம் அளவில் இக்குறையைத் தீர்த்தன.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குறை தீரவில்லை. 1880-இல் நார்தாம்ப்டனில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். மறுத்தார்கள். சரி, பிரமாணமே எடுக்கிறேன் என்றார். அச்சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்று முன்பே வெளிப்படையாகச் சொன்னவர் என்பதால் அதையும் தடுத்தார்கள். வாய் திறக்காமல் இருந்திருந்தால் எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். நாடாளுமன்ற மணிக்கூண்டு அறையில் அவரை அடைத்தும் வைத்தார்கள். இடம் பறிபோக, மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தனர். கிளாட்ஸ்டன் அரசு 1883-இல் கொண்டுவந்த உறுதிமொழி மசோதா 3 வாக்குகளில் தோற்றது. 1886-இல் புதிய சபாநாயகர் ஆட்சேபங்களை ஏற்க மறுத்த பிறகே அவர் பிரமாணம் செய்து அமர்ந்தார். 1888-இல் யாவருக்கும் உறுதிமொழி உரிமை தரும் சட்டத்தை அவரே நிறைவேற்றினார். வாக்கின் மதிப்புக்காக ஒருவர் தம் வாழ்வின் ஆறு ஆண்டுகளைக் கொடுத்தார். அவரை ஒழுக்கமற்றவர் என்றோர் இதைவிடப் பெரிய சான்று எதைக் கேட்டிருக்க முடியும்?

இப்போராட்டம் நடந்த அதே ஆண்டுகளில் சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ இதழை (1882–1888) நடத்தினர். பிராட்லாவின் நாத்திக இயக்கமே அவர்களுக்கு முன்மாதிரி. பிராட்லாவும் 1889-இல் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். 1891-இல் அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டவர்களுள் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தியும் ஒருவர்.

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரு வழிகளையும் சமமாக வைத்தது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதி கூறலாம். 1967-இல் அண்ணா தலைமையிலான அமைச்சரவை இரண்டாம் வழியைத் தேர்ந்தது. நீதிமன்றங்களிலோ 1873-ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டம் இன்னொரு வழக்கத்துக்கும் இடம் தந்திருந்தது. எதிராளி கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளலாம். அந்தச் சத்தியமே முடிவான சான்றாகிவிடும். 1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் இந்தத் தனிச் சத்தியத்தைக் கைவிட்டது. ஆணையோ உறுதிமொழியோ விடுபட்டாலும் சாட்சியம் செல்லும், உண்மை பேசும் கடமையும் நீங்காது என்ற பிரிவுகளைப் பழைய சட்டத்திலிருந்து அது எடுத்து வைத்துக்கொண்டது.