தென்கிழக்கைப் பார்த்து நின்ற ஆன்டெனாக்கள்



நம்ம தூத்துக்குடியில் பழைய மச்சு வீடுகள் சிலவற்றில் துருப்பிடித்த ஆன்டெனாக் குழாய் இன்னும் நிற்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அவற்றில் பல, சென்னை இருக்கும் வடக்கைப் பார்த்து நிற்கவில்லை. இலங்கை இருக்கும் தென்கிழக்கைப் பார்த்து நின்றன. காரணம் இதுதான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 15.8.1975 அன்று தொடங்கியது. ஆனால் சென்னை நமக்கு 500 கிலோமீட்டருக்கு அப்பால். அந்த அலை இங்கே எட்டவில்லை. 15.2.1982 அன்று ஜப்பான் உதவியுடன் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம், 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலைமேல். நேர்கோட்டில் நமக்குச் சுமார் 350 கிலோமீட்டர். இடையில் பெரும்பகுதி கடல். மறைக்க மலை இல்லை.

பூமி உருண்டை என்பதால், அவ்வளவு தூரத்தில் அலை நம் தலைக்கு மேலே போய்விட வேண்டும். ஆனால் கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் வெப்பமான உலர்ந்த காற்று படியும்போது, அது அலையைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். அதனால்தான் கடல் அமைதியாக இருந்த நாளில் படம் பளிச்சென்று தெரிந்தது. மற்ற நாளில் எறும்பு ஊர்வதுபோல் வெறும் புள்ளிகள்!

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. உயரமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் அலுமினியக் கம்பிகள், கூடவே ஒரு பூஸ்டர். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, "இன்னும் கொஞ்சம் கிழக்கே திருப்புங்கண்ணே!" என்று கீழிருந்து தெருவே கத்தும். இலங்கை வானொலியில் கேட்டுப் பழகிய அந்தத் தமிழை இப்போது முகத்தோடு பார்த்தோம். மாதக் கட்டணம் கிடையாது.

இதில் நான் யோசிப்பது ஒன்று. பல நூற்றாண்டுகளாக இரு கரையினரும் முத்துக் குளித்த மன்னார் வளைகுடாவில், 1976-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு எல்லைக்கோடு வரைந்தன. ஆறே ஆண்டில் அந்தக் கோட்டுக்கு மேலே படங்கள் கடந்து வந்தன, யாரும் தடுக்கவில்லை. எல்லை தாண்டியதாக நம் மீனவர்கள் கைதாகும் செய்தியை இன்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கடல் நம்மைப் பிரித்ததைவிட இணைத்த காலமே நீண்டது.

பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது, அடுத்துக் கேபிள் வந்தது, ஆன்டெனாக்கள் ஓய்ந்தன. 2022-க்குள் தூர்தர்ஷனே தன் தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. இன்று கட்டணமில்லாமல் பார்க்க, 2004-இல் தொடங்கி இப்போது ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கும் அதன் டிஜிட்டல் சேவை உண்டு. அந்தக் குடை பார்ப்பது வானத்தை, அக்கரையை அல்ல.

வீட்டில் பழைய குழாய் இருந்தால், எடைக்குப் போடும் முன் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போய் அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று காட்டுங்கள். உங்கள் தெருவில் முதலில் படம் பிடித்தது யார் வீட்டு ஆன்டெனா? கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.