பிடி சூழ்ந்து அறவோலை: சோழர் செப்பேடுகளில் களப்பணியும் ஆவண ஒப்பமும்

சோழர் காலக் கொடை ஆவணங்களை ஆராய்ந்தோர், அவற்றில் இடம்பெறும் அலுவலர் பட்டியலுக்கு அளித்த கவனத்தை அவ்வலுவலர்தம் செயல்களின் வரிசைக்கு அளித்தாரல்லர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அந்நீண்ட பட்டியலை முறைப்படுத்தப்பட்ட நிருவாகத்தின் சான்றாகக் கொண்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியான தம் நூலில் அத்தகைய மையப்பட்ட அரசின் இருப்பையே மறுத்தார். இருவர்தம் விவாதமும் ‘அதிகாரம் யாருடையது’ என்னும் வினாவைச் சுற்றியே அமைந்தது. ‘எது முடிந்தபின் எது’ என்னும் வினாவும் அதற்கு இணையாக எழுப்பத்தக்கது. ஓர் ஊரின் வரி வருவாய் கோயிலுக்கோ பள்ளிக்கோ பிராமணர்க்கோ மாற்றப்படும்போது, அதன் எல்லை முதலில் நிலத்தில் நடந்து காணப்பட்டதா, ஓலையில் எழுதப்பட்டதா என்பது, அவ்வூரில் பயிரிட்டோர்க்கும் அயலூரார்க்கும் வாழ்வைப் பாதிக்கும் செய்தியாகும்.

வாய்மொழியும் வரியும்

ஆனைமங்கலச் செப்பேடுகள் இதற்குத் தக்க சான்றாகும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரினைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியை இவை கூறுகின்றன. 21 ஏடுகளுள் முதல் ஐந்து வடமொழியிலும் எஞ்சிய பதினாறு தமிழிலும் அமைந்தவை. கொடைநிலம் ஏறத்தாழ 97 வேலி. அதற்குரிய காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல்.

அரசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1006 அளவில்) தஞ்சாவூர் அரண்மனைப் புறத்து மண்டபத்தில் இருந்து வாயால் மொழிந்தான். இது திருவாய்க்கேள்வி. அதனைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத, திருமந்திர ஓலைநாயகங்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். பின்னர் உடன்கூட்டத்து அதிகாரிகள் பணிக்க, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பதிந்தனர். இதுவே வரியிலிடுதல்.

இவ்வளவு கைமாறியும் கொடை முற்றுப்பெறவில்லை. இதுவரை பார்க்கப்பட்டது, எழுதியது அரசன் மொழிந்தவாறே உள்ளதா, கணக்கேற்றியது எழுதியவாறே உள்ளதா என்பது மட்டுமே. நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தஞ்சாவூரில் இருந்த எவரும் ஒப்பிட்டுக் காண இயலாது. எனவேதான் நாட்டார்க்குத் திருமுகம் சென்றது.

பிடி சூழ்தல்

நாட்டார் திருமுகத்தை எதிர்சென்று தொழுது வாங்கித் தலைமேல் வைப்பர். அதன்பின் பிடி சூழ்ந்து, பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை செய்து விடுப்பர். பிடி சூழ்தலாவது பெண்யானையை எல்லை வழியே வலமாக நடத்துதல். பிடாகை, ஊரைச் சார்ந்த உட்கிடை. இத்தொடர் நாட்டார் செய்தனவற்றைக் கூறுவதோடு நிற்பதன்று; திருமுகத்தின் வாசகத்திலும் இதே வரிசையில் ஆணையாக வருகிறது. அதாவது ஓலை எழுதும் முன் நடக்க வேண்டும் என்பது அரசாணையின் ஒரு பகுதியே.

இத்தொடரின் இலக்கண அமைப்பு கருதத்தக்கது. சூழ்ந்து, நடந்து, நாட்டி என்பன இறந்தகால வினையெச்சங்கள். வினையெச்ச அடுக்கு எல்லாவிடத்தும் காலமுறையைக் காட்டும் எனக் கொள்ளவியலாது. மரபுத்தொடராக உறைந்துவிட்ட ஒன்றில் ஐயம் மேலும் வலுக்கும். ஆயின் எல்லைப் பகுதியின் நடை அவ்வையத்தைப் பெரிதும் நீக்குகிறது. கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என வலமுறையாகச் செல்லும் அப்பகுதி, இன்ன வாய்க்காலை அடைந்து, அதன் கரைவழியே இன்ன திசை நோக்கிச் சென்று, இன்னார் வயலின் மூலையில் திரும்பி என்றவாறு நடையின் போக்கிலேயே விரிகிறது. அமர்ந்த இடத்திலிருந்து பழைய கணக்கைப் பார்த்து எழுதியவர் இவ்வாறு திரும்பித் திரும்பி எழுதத் தேவையில்லை.

பெண்யானை ஏன் என்பதற்குச் செப்பேடுகள் விடை தருவதில்லை. தொலைவிலிருந்து பலரும் காணக்கூடியது, அடங்கி நடப்பது என்பன பொருந்தும் காரணங்கள் எனலாம். கள்ளியை நடுவதிலும் ஒரு நடைமுறை அறிவு உண்டு: கல்லை ஓரிரவில் பெயர்த்து வேறிடத்தில் நடலாம், ஆண்டுகள் பல வேர்பிடித்த கள்ளிவேலியை அவ்வாறு நகர்த்த முடியாது.

இம்முறை சோழர்க்கே உரியதும் அன்று. காரைக்காலை அடுத்துக் கிடைத்த காசாக்குடிச் செப்பேடுகள், இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் 22ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அவற்றிலும் நாட்டார் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டியபின்னரே ஓலை விடுக்கின்றனர். கொடையூரின் எல்லைகள் நாட்டார் விடுத்த அவ்வோலையின்படியே செப்பேட்டில் தரப்படுகின்றன. அரசனின் ஏடு நாட்டாரின் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்படுகிறது என்பது இதனால் தெளிவு. பல்லவர் ஏடுகளில் ‘அறையோலை’ எனவும் சோழர் ஏடுகளில் ‘அறவோலை’ எனவும் இச்சொல் காணப்படுகிறது. அறைதல் (அறிவித்தல்) என்னும் செயல் அறம் என்னும் கருத்தாக மாறியது எழுத்து வேறுபாடு மட்டும்தானா என்பது தனியே ஆராயத்தக்கது.

பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடுகள் வேறொரு வரிசையைக் காட்டுகின்றன. களப்பிரர் காலத்தில் பறிபோன ஊரை மீட்டுத்தருமாறு ஒருவன் மதுரையில் முறையிட, நெடுஞ்சடையன் உடனே கொடையை வழங்கவில்லை. நாட்டாரைக் கொண்டு பழமையை மெய்ப்பிக்குமாறு பணித்து, அது நிறைவேறிய பின்னரே வழங்கினான். சோழர் முறையில் அரசன் சொல் முந்த, களப்பணி பிந்துகிறது. இங்கே மெய்ப்பித்தல் முந்த, அரசன் சொல் பிந்துகிறது. நாட்டாரின் பங்கு முடியாமல் ஆவணம் முடிவதில்லை என்பது இரண்டிற்கும் பொது.

ஒப்பமிட்டோர்

அறவோலையில் ஒப்பமிட்டோர் யாவர் என்பதே இவ்வரிசையின் பயனைக் காட்டுவது. ஆனைமங்கல ஏடுகளில் நாட்டாரோடு, சுற்றியுள்ள ஊர்களின் சபையார், ஊரார் சார்பில் அவ்வவ்வூர்க் கணக்கரும் எழுத்திடுகின்றனர். கொடையூரின் எல்லை எங்கு நின்றதோ அங்கு அவர்தம் நிலம் தொடங்குகிறது. எனவே வாசகத்தின் சரிபிழையை அவர்கள் அறிந்தது ஓலையைப் படித்தன்று; உடன் நடந்து கண்டே. நடை முடியுமுன் அவர்கள் முன் ஓலையை வைத்திருந்தால், அவர்களால் எழுத்தைச் சரிபார்த்திருக்க முடியுமேயன்றி எல்லையைச் சரிபார்த்திருக்க முடியாது.

இங்கே ஒரு வரம்பையும் குறிப்பிடல் வேண்டும். அயலூர் நிலவுடைமையாளர்க்குக் கிடைத்த இவ்வாய்ப்பு, கொடையூரில் உழுதவர்க்கும் கிடைத்ததாகக் கொள்ள இடமில்லை. சில கொடைகளில் வரும் ‘குடிநீக்கி’ என்னும் தொடர் குடிகளை வெளியேற்றியதைக் குறிக்கிறதா, அவர்களைக் கொடையின் வரம்பிலிருந்து விலக்கியதைக் குறிக்கிறதா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. எப்பொருள் கொண்டாலும், அறவோலையின் முடிவில் அக்குடிகளின் எழுத்து இல்லை. முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒன்றிணைத்து 1,080 பிராமணர்க்கு அளித்ததைக் கூறுகின்றன. அத்தனை ஊர்களையும் வளைத்துப் பிடி நடந்த பாதையில் எத்தனை குடியிருப்புகள் உட்பட்டிருக்கும் என எண்ணின் இவ்விடைவெளியின் அளவு புலப்படும்.

செம்பில் பொறிப்பது எல்லாவற்றுக்கும் கடைப்பட்டது. ஆனைமங்கலக் கொடை இராசராசனுடையதாயினும், அவன் மறைந்தபின் இராசேந்திரனே அதனை நிலைபெறச் செய்தான் என வடமொழிப் பகுதி கூறுகிறது. அவ்வளவில் எட்டாண்டேனும் கடந்திருக்க வேண்டும். அதுவரை ஊர் கைமாறியிருந்ததற்குச் சான்றாக இருந்தவை ஓலையும் கல்லும் கள்ளியுமே. அவ்வோலை இன்று இல்லை. ‘இவை என் எழுத்து’ என ஒவ்வொரு கணக்கனும் தன் கையால் இட்ட ஒப்பங்கள், செம்பு வெட்டியவர்களின் கையெழுத்திலேயே இன்று எஞ்சியுள்ளன.