பலம் சார்ந்த கோச்சிங்

ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள பலங்களை இனங்கண்டு, அவற்றை முதலாகக் கொண்டு அவர் வளர வழிகாட்டும் முறை பலம் சார்ந்த கோச்சிங். நன்றாகச் செய்வதோடு, செய்யச் செய்ய ஊக்கமும் தருவதே இங்கே பலம் எனப்படும். கணக்கில் கெட்டிக்காரராக இருந்தும், பேரேட்டைத் திறந்தாலே அலுத்துப்போகிறவருக்குக் கணக்கு வெறும் திறமைதான்.

இதன் முன்னோடி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் கற்பித்த டொனால்ட் கிளிஃப்டன் (1924–2003). உளவியல் பெரும்பாலும் மனக்கோளாறுகளையே ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், மனிதரிடம் நன்றாக இருப்பதையும் ஆராய வேண்டும் என்றார் அவர். பின்னாளில் அவர் வகுத்த மதிப்பீடு 34 இயல்புத் திறன்களைப் பட்டியலிடுகிறது. உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் வெளியிட்ட நூல், துணிவு, கருணை, நன்றியுணர்வு, அறியும் ஆர்வம் முதலிய 24 குணநலன்களை 6 அறங்களின்கீழ் வகைப்படுத்தியது.

பலத்தின் பெயரைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தம் தலையாய பலம் ஒன்றை ஒரு வாரம் நாள்தோறும் புதிய வகையில் பயன்படுத்தியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. பலன் ஆறு மாதம்வரை நீடித்தது. பலங்களை அறிந்ததோடு நின்றவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் பயிற்சிகள் அதனால்தான் பயனற்றுப்போகின்றன.

இந்தக் கோச்சிங்கில் உரையாடும் முறை பெரிதும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய தீர்வுமையச் சிகிச்சையிலிருந்து வந்தது. “இந்தத் தொல்லை தலைகாட்டாத நாளும் உண்டா? அன்று என்ன செய்தீர்கள்?” என்று பயிற்றுநர் கேட்பார். நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்ற கேள்விக்கு “மூன்று” என்று பதில் வந்தால், “ஏன் இரண்டு இல்லை?” என்பார். இக்கேள்வி வலுவானது, ஏனெனில் தம்மைத் தாங்கி நிற்பது எது என்பதைப் பயிற்சி பெறுபவரே தம் வாயால் சொல்லிவிடுவார்.

குறைகளும் உண்டு. மிகையான பலமே தீங்காகும் என்று ராபர்ட் கேப்லன், ராபர்ட் கைசர் போன்ற தலைமைத்துவ ஆலோசகர்கள் எச்சரித்தனர்: உறுதி பிடிவாதமாகும், வெளிப்படைப் பேச்சு புண்படுத்தும். வேலைக்கு இன்றியமையாத திறனில் குறை இருந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். கடும் மனச்சோர்வுக்கும் போதைப் பழக்கத்துக்கும் கோச்சிங் மருந்தாகாது. அவற்றுக்கு மனநல மருத்துவரையே அணுக வேண்டும்.