சீட்டுல பேர் வருமா? பழவேற்காட்டின் பாடு முறை

இன்னைக்கு நாம போகப்போறது பழவேற்காடு. ஆனா கதை அமெரிக்காவில் ஆரம்பிக்குது.

2009. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்வு செய்த நாள். மொத்தம் 7 சுற்று, 256 பேர். ஜூலியன் எடெல்மன் என்பவரின் பேர் கடைசிச் சுற்றில், 232-வதாக வந்தது. கல்லூரியில் பந்தை எறிந்துகொண்டிருந்தவரை, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாத்தினாங்க. பேர் வந்துட்டதால இடம் உறுதின்னு நினைச்சுடாதீங்க. சீசன் தொடங்கும்போது ஒரு அணியின் பட்டியலில் 53 பேருக்குத்தான் இடம். மத்தவங்க கிளம்பணும். எடெல்மன் தாக்குப்பிடிச்சார். 2019-இல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார்.

இடம் கொஞ்சம், ஆள் நிறைய. இதே சிக்கலை நம்ம ஊர் மீனவர்கள் பல தலைமுறையா வேற மாதிரி தீர்த்திருக்காங்க.

பழவேற்காடுன்னா 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பத்திதான் பேசுவோம். இன்னைக்கு கோட்டையை விட்டுட்டு ஏரிக்குள்ள இறங்குவோம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் வழியாகத்தான் இறால் வந்து போகும். அதனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டுபவருக்கு நல்ல வரும்படி. தள்ளி நிற்பவருக்குக் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடினால்? தினமும் அடிதடிதான்.

அதுக்குத்தான் பாடு முறை. 'பாடு'ன்னா வலை போடும் இடம். இங்குள்ள பட்டினவர் கிராமங்களில் யாருக்கு எந்தப் பாடு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அப்புறம் முறை சுழலும். இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவர் இன்னொரு நாள் சுமாரான இடத்துக்குப் போகணும். பெரிய கை, சின்ன கை என்ற பேச்சே இல்லை. என்.எஃப்.எல். திறமையைப் பார்த்து ஆளை எடுக்குது. பாடு, திறமையையும் பணத்தையும் ஓரமா வெச்சுட்டு எல்லாருக்கும் முறை வருதான்னு பார்க்குது.

சரி, யார் பேரைச் சீட்டில் எழுதுவாங்க? இங்கதான் விஷயம் இருக்கு. 'தலைக்கட்டு' என்று ஊர் ஏத்துக்கிட்டவர்களின் பேரை மட்டும்தான். பொதுவாக, அந்தச் சமூகத்தில் கல்யாணமான ஆண். ஒரு இளைஞன் எவ்வளவு நல்லா வலை கட்டினாலும், தலைக்கட்டு ஆகும் வரை அவனுக்குன்னு தனி முறை கிடையாது. புதுத் தலைக்கட்டு ஒவ்வொன்னும் சேரச் சேர, மத்தவங்க தங்கள் முறைக்குக் காத்திருக்கும் நாள் கூடும். ஊர் கூடிப் பேசி ஒவ்வொரு தலைமுறையும் இதைச் சமாளிச்சது.

அப்புறம் இறால் ஏற்றுமதி வந்தது. முன்பு உள்ளூர்ச் சந்தைக்குப் போன சரக்குக்கு வெளிநாட்டு விலை. ஏரியில் மீன் பிடித்து வாழும் மற்ற சமூகத்தாரும், 'ஏரி எல்லாருக்கும் பொதுதானே, எங்களுக்கு ஏன் பாடு இல்லை?' என்று கேட்டாங்க. தகராறும் வந்தது. இன்னைக்கும் இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணியில் உட்கார்ந்து, கையாலேயே தடவி இறால் பிடிக்கிறாங்க. அவங்க பேர் எந்தச் சீட்டிலும் இல்லை.

பட்டியலுக்குள் இருப்பவர்களுக்குப் பாடு மாதிரி நியாயமான முறை அபூர்வம். வெளியே நிற்பவர்களுக்கு அதே முறை ஒரு மூடின கதவு. முகத்துவாரத்தில் மணல் அடைத்து, நல்ல இடங்களும் சுருங்கும்போது கதவுக்கு வெளியே நெரிசல் இன்னும் கூடும்.

அடுத்த தடவை படகுச் சவாரிக்குப் பழவேற்காடு போனீங்கன்னா, ஏரியில் வரிசையா நிற்கும் கழிகளைக் கொஞ்சம் பாருங்க. ஒவ்வொன்னும் யாருக்கோ வந்த முறை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.