கையோடு பேசும் சக்கரம்

அரசியலையும் பத்திரிகை உலக நினைவுகளையும் எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வரும் நண்பர்கள் இன்றைய விடயத்தைக் கண்டு வியப்படையக்கூடும். கணினித் திரையில் காரோட்டி விளையாடும் பிள்ளைகளுக்கான ஒரு கருவியைப் பற்றி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தி அறையில் கழித்த ஒருவன் எழுத என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. சென்ற மாரிகாலம் வரை நானும் அவ்வாறுதான் நினைத்திருந்தேன்.

அப்பொழுது ரொறன்ரோவில் மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். பேரனின் அறையில் மேசை விளிம்போடு இறுக்கிப் பூட்டப்பட்ட ஒரு ஸ்டியரிங் இருந்தது. கீழே மூன்று மிதிகள். பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் அவன் இராப்போசனம் வரை அதிலேயே இருப்பான். மகளுக்கு அது பெரும் கவலை. "அப்பா, வாற மாதம் உண்மையான கார் பழகப் போறான். இந்த விளையாட்டுப் பழக்கத்தோட றோட்டில இறங்கினால் என்ன ஆகும்? இதைக் கழட்டி வைக்கச் சொல்லி நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றாள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விசாரிக்காமல் தீர்ப்பு எழுதலாகாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆகவே நானும் அந்த ஆசனத்தில் அமர்ந்தேன்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர், எங்கள் பத்திரிகையை இரவோடிரவாகக் கொண்டுசெல்லும் வானின் சாரதியிடம் நான் வாகனம் ஓட்டப் பழகினேன். பவர் ஸ்டியரிங் என்பது நாங்கள் அறியாத சொல். குன்று குழி, தார், மணல் எல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேரும். மழைநாளொன்றில் அவர் சொன்ன வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது: "தம்பி, ஸ்டியரிங் கையில லேசாகுதெண்டால் சந்தோசப்படாதை. றோட்டு உன்னைக் கைவிடப் போகுது எண்டு அர்த்தம்."

பேரனின் கருவி வெறுமனே அதிரும் என்றுதான் எதிர்பார்த்தேன். முதல் வளைவில் திருப்பியதும் அது என் கைகளை எதிர்த்து இழுத்தது. வேகத்தைக் குறைக்காமல் மேலும் திருப்பினேன். திடீரென அந்த இழுவை தளர்ந்தது. அடுத்த கணம் திரையிலிருந்த கார் நேரே மணலுக்குள் போயிற்று. "அம்மப்பா, இறுக்கிப் பிடிக்காதேங்கோ. அது சொல்லுறதைக் கேளுங்கோ" என்றான் பேரன். வான் சாரதி சொன்னதையே ஒரு பிளாஸ்டிக் சக்கரமும் சொல்கிறது என்பதை அந்தக் கணத்தில் உணர்ந்தேன். இது எப்படி நிகழ்ந்தது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் உண்மையான காரில் நிகழ்வதைப் பார்ப்போம். வளைவில் திரும்பும்போது டயர் தரையில் பதியும் பகுதி சற்று முறுகுகிறது. பக்கவாட்டு விசை அந்தப் பதிவின் நடுப்புள்ளியில் அல்லாமல் சற்றுப் பின்னால் தாக்குகிறது. அந்தச் சிறிய இடைவெளி நெம்புகோல் போலச் செயற்பட்டுச் சில்லை மீண்டும் நேராக்க முயல்கிறது. முன் சில்லுகள் சாய்த்துப் பொருத்தப்பட்டிருப்பதும் இதற்குத் துணைசெய்கிறது. சாரதி கையில் உணரும் பாரம் இதுவே. டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஆகவே பிடி முற்றாக விடுபடுவதற்குச் சற்று முன்னரேயே ஸ்டியரிங் லேசாகிறது. வான் சாரதி சொன்னது அனுபவ வாக்கு மாத்திரமல்ல, இயந்திரவியலும்கூட.

இந்த உணர்வைச் செயற்கையாக உண்டாக்கும் முறையை ஆங்கிலத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பர். விசைப் பின்னூட்டம் எனலாம். இதன் வேர் விளையாட்டுக் கூடத்தில் இல்லை; அணு ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியியலாளர், கதிரியக்கப் பொருட்களைத் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து கையாளும் இயந்திரக் கைகளை 1940களின் பிற்பகுதியில் உருவாக்கினார். ஆரம்பத்தில் இரு பக்கத்தையும் பொறிமுறைத் தொடுப்புகள் இணைத்தன. அதனால் அங்கே பற்றிய பொருளின் எதிர்ப்பு இங்கே கைக்கு இயல்பாக வந்தது. தொடுப்பை நீக்கி மின்சாரத்தால் இயக்க முற்பட்டபோது அந்த உணர்வு அறுந்துபோகும் நிலை ஏற்பட்டது. இரு பக்கமும் மோட்டார்களைப் பொருத்தி, எதிர்ப்பை மின்சாரத்தின் வழியே கைக்குத் திருப்பியனுப்பும் முறையை 1954இல் கோர்ட்ஸ் விவரித்தார். தொடுப்பு அறுபடும் இடத்தில் உணர்வை மீண்டும் படைக்க வேண்டும் என்ற இந்தப் பாடம், கட்டுரையின் முடிவில் நமக்கு மறுபடி தேவைப்படும்.

விளையாட்டுக் கூடங்களுக்கு வருவோம். 1974இல் அட்டாரி வெளியிட்ட 'கிரான் ட்ராக் 10' இயந்திரத்தில் ஸ்டியரிங், கியர், மிதிகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஸ்டியரிங் ஊமை. சாரதி பேசலாம்; கார் பதில் பேசாது. 1976இல் சேகா நிறுவனத்தின் 'மோட்டோ குரொஸ்' என்ற மோட்டார் சைக்கிள் விளையாட்டில், மோதும்போது கைப்பிடி அதிர்ந்தது. 1982இல் உலகெங்கும் புகழ்பெற்ற நம்கோவின் 'போல் பொசிஷன்' ஜப்பானின் ஃபூஜி ஓட்டப்பாதையைத் திரைக்குக் கொண்டுவந்தபோதும் அதன் ஸ்டியரிங் ஊமையாகவே இருந்தது. மூன்று திரைகளைக் கொண்ட டட்சுமி நிறுவனத்தின் 'டீஎக்ஸ் 1' என்ற 1983ஆம் ஆண்டு விளையாட்டே, ஸ்டியரிங் வழியே கைக்குச் செய்தி சொன்ன முதலாவது காரோட்ட விளையாட்டு எனப் பலரும் குறிப்பிடுவர். 'முதலாவது' என்ற சொல்லைக் கண்டால் பத்திரிகையாளன் பேனாவை ஒரு கணம் நிறுத்த வேண்டும். அதிர்வையும் விசையையும் பிரித்தறியாமல் அந்தப் பட்டத்தை வழங்க இயலாது.

அதிர்வு என்பது ஒருபக்கம் பாரமான சிறு மோட்டார் சுழல்வதால் எழுவது. ஏதோ நடந்தது என்று அது சொல்லும். எந்தத் திசையில், எவ்வளவு என்று சொல்லாது. விசைப் பின்னூட்டத்தில் மோட்டார் ஸ்டியரிங்கின் அச்சோடு இணைந்து, திசையோடும் அளவோடும் கையை எதிர்க்கிறது. வாசலில் யாரோ தட்டுவதற்கும் உள்ளே வந்து கையைப் பிடித்து இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இந்த வேறுபாட்டைத் துல்லியமாக விளங்கிக்கொண்டு செய்யப்பட்டது 1989இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவின்'. திறப்பைத் திருப்பிக் காரை இயக்கி, கிளச்சை மிதித்து, கியர் மாற்றி ஓட்ட வேண்டிய விளையாட்டு அது. வாகன இயக்கவியல் வல்லுநரான டக் மில்லிக்கன் இதன் உருவாக்கத்தில் உதவினார். அவரும் தந்தை வில்லியம் மில்லிக்கனும் எழுதி 1995இல் வெளிவந்த நூல், பந்தயக் கார்களின் இயக்கம் பற்றிப் பயில்வோருக்குப் பாடநூலாக விளங்குகிறது. டயரின் விசையைக் கணித்து, அந்தக் கணக்கைக் கைக்கு அனுப்பும் வழி இதன் பின்னர் தெளிவாயிற்று.

வீட்டுக்குள் இக்கருவி நுழைந்தது 1990களின் பிற்பகுதியில். 1993இல் லூயிஸ் ரோசன்பேர்க் தொடங்கிய இமர்ஷன் நிறுவனம் தொடுகை உணர்வுத் தொழில்நுட்பத்துக்கான உரிமங்களைச் சேர்த்துக்கொண்டது. 1997இல் மைக்ரோசொஃப்டின் டிரக்ட்எக்ஸ் 5 மென்பொருள், இத்தகைய கருவிகளோடு விளையாட்டுகள் பேசுவதற்கு ஒரு பொதுமொழியை அமைத்துக் கொடுத்தது. மறு ஆண்டே அந்நிறுவனத்தின் ஸ்டியரிங் கருவி சந்தைக்கு வந்தது. 2001இல் 'கிரான் டுரிஸ்மோ 3' விளையாட்டோடு லொஜிடெக்கின் 'ஜீடி ஃபோர்ஸ்' பிளேஸ்டேஷன் 2 இருந்த வீடுகளுக்குச் சென்றது. பின்னர் 900 பாகை, அதாவது உண்மையான காரைப் போல இரண்டரைச் சுற்று சுழலும் ஸ்டியரிங் வந்தது. 2006இல் வெளியான லொஜிடெக் ஜீ25, இரு மோட்டார்களோடும் கிளச்சோடும் இத்துறைக்கே ஓர் அளவுகோலாயிற்று.

தொடுகை உணர்வுக்கு உரிமையாளர் யார் என்ற வழக்கும் இடையில் எழுந்தது. கைப்பிடிகளின் அதிர்வு தொடர்பாக இமர்ஷன் 2002இல் மைக்ரோசொஃப்ட் மீதும் சோனி மீதும் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசொஃப்ட் 2003இல் 26 மில்லியன் டொலருக்கு இணக்கம் கண்டது. சோனி 82 மில்லியன் டொலர் செலுத்த வேண்டுமென 2004இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அப்பிணக்கு 2007இல் தீர்ந்தது. 2006இல் வெளியான பிளேஸ்டேஷன் 3 அதிர்வில்லாத கைப்பிடியோடு வந்தமையை அக்கால விளையாட்டுப் பிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் பல்சக்கரங்களுக்குப் பதிலாகப் பட்டி வந்தது. அதன்பின் அதுவும் நீங்கி, மோட்டாரின் அச்சிலேயே ஸ்டியரிங்கைப் பொருத்தும் டிரக்ட் டிரைவ் முறை வந்தது. பழைய வீட்டுக் கருவிகள் சுமார் 2 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைத் தந்தன. புதியவற்றில் சில 20ஐயும் தாண்டுகின்றன. ஆயினும் வலிமை மட்டும் போதாது. மோட்டாரின் எல்லையை மீறி விசை கேட்கப்பட்டால் உச்சி வெட்டுண்டுபோகிறது. பெரிய விசைக்கும் மிகப்பெரிய விசைக்கும் வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு செய்திக்கும் எட்டுப் பத்தித் தலைப்புப் போட்டால் எது முக்கியம் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அதுபோலவே, உண்மையான காரின் ஸ்டியரிங்குக்கு வராத குலுக்கங்களைக் கவர்ச்சிக்காகச் சேர்க்கும் விளையாட்டுகளும் உண்டு. டயரின் கணக்கை மட்டும் தருபவையும் உண்டு. செய்தியில் இல்லாததைச் சேர்க்கும் உதவி ஆசிரியர்களோடு பழகிய எனக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.

இந்தக் கல்வி உண்மையானதா? 2008இல் நடந்த ஜீடி அகடமிப் போட்டியில் வென்ற ஸ்பெயின் நாட்டவரான லூக்காஸ் ஓர்டோனெஸ், 2011இல் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் தமது பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். 2011ஆம் ஆண்டுப் போட்டியின் வெற்றியாளரான ஜான் மார்டன்பரோவும் தொழில்முறைச் சாரதியானார். 2015இல் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் பாதையில் அவரது கார் தரையைவிட்டு எழும்பி வேலிக்கு அப்பால் வீழ்ந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். விளையாட்டில் மோதினால் ஒரு பொத்தானை அமுக்கி மீண்டும் தொடங்கலாம். றோட்டில் அந்தப் பொத்தான் இல்லை. மகளின் கவலையில் நியாயமில்லை என்று யார் சொல்லக்கூடும்?

விளையாட்டுச் சக்கரம் பேசக் கற்ற அதே காலத்தில் உண்மையான கார் ஊமையாகிக்கொண்டிருந்தது என்பதே இந்த வரலாற்றின் விசித்திரம். 1951இல் கிரைஸ்லர் தனது இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988இல் சுசூக்கியின் சேர்வோ சிறுகாரில் மின் மோட்டார் அந்த வேலையை ஏற்றது. அது எரிபொருளை மிச்சப்படுத்தும், கை நோகாது, நன்மைகளே அதிகம். ஆனால் றோட்டின் குரல் தணிந்தது. 2013இல் வந்த இன்ஃபினிட்டி கியூ50 காரில், வழமையான ஓட்டத்தின்போது ஸ்டியரிங்குக்கும் சில்லுகளுக்கும் பொறிமுறைத் தொடுப்பு இல்லை. மின் சமிக்ஞை மாத்திரமே. 2023இல் வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அவசரத்துக்கும் தொடுப்புக் கிடையாது. இத்தகைய கார்களில் சாரதி உணரும் பாரத்தை ஒரு மோட்டார்தான் உண்டாக்குகிறது. பேரனின் மேசையில் பூட்டியிருப்பதும் அத்தகைய ஒன்றே. கோர்ட்ஸ் ஆய்வகத்தில் எதிர்கொண்ட வினா இப்பொழுது நெடுஞ்சாலைக்கு வந்திருக்கிறது. கைக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதைத் தீர்மானிப்பது இனி றோட்டு அல்ல, ஒரு நிரலாளர்.

நான் புறப்படுவதற்கு முந்திய வாரம் பேரன் பழகுநர் அனுமதி பெற்றான். வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில், மகள் அருகிலிருக்க, நான் பின் ஆசனத்திலிருக்க, பனி படிந்த தரையில் அவன் காரை மெதுவாக நகர்த்தினான். ஒரு திருப்பத்தில் முன் சில்லுகள் வழுக்கின. மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவன் மேலும் திருப்பவில்லை, காலை எடுத்தான், சில்லுகள் பிடிக்கும்வரை பொறுத்தான். கார் நின்றது. பின்னர் திரும்பி என்னைப் பார்த்து, "அம்மப்பா, இந்தக் கார் ஒண்டும் சொல்லுதில்லை" என்றான்.

அது சொல்லவில்லை என்பதை அறியவும் கேட்டுப் பழகிய கை வேண்டுமல்லவா? "அப்ப கண்ணாலயும் இருக்கிற இருப்பாலயும் கேள், தம்பி. மெதுவாப் போ" என்றேன்.

வீடு திரும்பியதும் மகளுக்குத் தீர்ப்பைச் சொன்னேன். ஸ்டியரிங் மேசையிலேயே இருக்கட்டும். ஆனால் கிழமைக்கு இரண்டு நாளாவது அவன் உன்னோடு றோட்டில் ஓட வேண்டும்.