க்ஷயரோக ஆராய்ச்சியில் பல தளக் கணித மாதிரிகள்: ஒரு தென்னிந்திய வரலாறு

அடி அண்ணாமலைக் கிராமத்தில் க்ஷயரோகத்தால் வருந்தும் ஒருவர் விழுங்கும் ஐசோனியாசிட் மாத்திரை, கிருமியின் மேலுறைக்கு இன்றியமையாத மைக்கோலிக் அமிலத்தை ஆக்கும் நொதியொன்றை முடக்கியே தன் வேலையைச் செய்கிறது என்றாலும், அவர் பிழைத்தெழுவதை அவருடைய கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகமும், சரீரத்தின் போஷாக்கும், மருந்து தவறாமல் கிடைக்கும் வசதியும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. மூலக்கூறு முதல் ஊர் வரை விரியும் இத்தளங்களைக் கணிதத்தால் இணைக்க முயலும் அமைப்புசார் உயிரியல், கணினியோடும் மரபணுத் தொகுதியோடும் பிறந்த சாஸ்திரம் என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. தென்னிந்தியாவிலோ, ஆராய்ச்சி நோயாளியிடமும் கிராமத்திடமும் தொடங்கி, பின்னரே மூலக்கூற்றை நோக்கி இறங்கிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி 1956 இல் சென்னையில் அமைத்த சிகிச்சை நிலையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒத்த பலனையே பெற்றனர் என்று 1959 இல் உலகுக்கு அறிவித்தது. அதன் புகழ் யாவரும் அறிந்ததே. அதே நிலையத்தார், ஐசோனியாசிடை அசிடைலேற்றத்தால் விரைந்து செயலிழக்கச் செய்யும் சரீரத்தினர், மெதுவாகச் செய்வோர் என நோயாளிகளைப் பாகுபடுத்தி, வாரம் ஒருமுறை மருந்தளிக்கும் முறையில் முன்னவருக்குப் பலன் குறைவதைக் கண்டதோ அவ்வளவு பேசப்படுவதில்லை. கல்லீரலின் ரசாயனத்தையும் நோயாளியின் கதியையும் ஒரே கணக்கில் நிறுத்திய அவ்வாய்வே, அப்பெயர் சூட்டப்படாவிடினும், பல தள இணைப்பின் மெய்யான தொடக்கம் என்பது என் துணிபு.

சமூகத் தளத்தில், ஹன்ஸ் வாலர், ஆன்டன் கெசர், ஸ்டிக் ஆண்டர்சன் ஆகிய மூவரும் நோய் பரவுதலைச் சமன்பாடுகளாக 1962 இல் வடித்தனர். பெங்களூர் தேசிய க்ஷயரோக ஸ்தாபனத்தாரோடு வாலர் செய்த தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய கணிப்பு 1974 இல் வெளிவந்தது.

ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளும் 4,000 மரபணுக்களும் கொண்ட கிருமியின் மரபுத்தொகுதி 1998 இல் வெளியானபின் கவனம் உள்நோக்கித் திரும்பிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் ராமன், பிரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா ஆகியோர் மைக்கோலிக் அமிலப் பாதையை 28 புரதங்களும் 219 வினைகளும் அடங்கிய மாதிரியாக்கி, எந்தப் புரதத்தை நீக்கினால் கிருமி தளரும் என்பதை 2005 இல் கணித்துக் காட்டினர். 2008 இல் அக்கழகத்தார் புரதங்களின் தொடர்பு வலை, வினையோட்டக் கணிப்பு, பரிசோதனைச் சான்று, மனிதப் புரதங்களோடு ஒப்பீடு ஆகிய பலவகைத் தரவுகளையும் வரிசையாகச் சல்லடையிட்டு, மருந்துக்குரிய இலக்குகளைத் தேர்ந்தனர். அப்போது மனிதனுக்குத் தீங்கு நேராமை என்னும் அளவுகோலும் இடம்பெற்றதை நான் பெரிதும் போற்றுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகனில் டெனிஸ் கிர்ஷ்னர் குழுவினரோ, 2004 இலேயே, நுரையீரலில் கிருமியைச் சூழ்ந்து உயிரணுக்கள் கட்டும் முடிச்சைக் கணினியில் உருவகித்திருந்தனர்.

கிருமியின் இலக்கைக் காட்டும் மாதிரியில் நோயாளியின் மெலிவுக்கு இடமில்லை. கிராமத்தின் சமன்பாட்டில் கல்லீரலுக்கு இடமில்லை. இவ்விடைவெளியை நிரப்பத் தக்க தரவு களத்திலேயே உண்டு: 2022 இல் தமிழகத்தில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், உடல் மெலிவு, மூச்சின் வேகம், துணையின்றி நிற்கும் வலிமை ஆகியவற்றை நோய் கண்டவுடனேயே பரீக்ஷித்து, அபாய நிலையிலுள்ளோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகின்றனர். சுகாதாரப் பணியாளர் பதியும் இந்த எளிய அளவுகளே, சென்னை நிலையத்தார் ஆராய்ந்த அசிடைலேற்ற வேகத்தோடு சேர்த்து, மேற்கண்ட மாதிரிகளுக்குள் முதலில் புகுத்தத் தக்கவை.